மூளைச் சிப்பை நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தம்பிக்கு 26 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கோடை விடுமுறையில் ஊர்க் கிணற்றில் தலைகீழாகக் குதித்தபோது கழுத்தெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து தோளுக்குக் கீழே அசைவில்லை. மூளையில் சிப் வைத்த ஒரு அமெரிக்க இளைஞர் கையைத் தொடாமலே கம்ப்யூட்டரில் செஸ் ஆடும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து தம்பிக்கு அதே நினைப்பு. அம்மாவுக்கோ வேறு பயம்: "மண்டைக்குள்ள மெஷினை வச்சா, அவன் மனசுல நினைக்கிறதெல்லாம் வெளியே போயிடாதா?" இதை நம்பலாமா, ஆபத்து என்ன, நம் ஊருக்கு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்.

நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர். காக்ளியர் இம்ப்ளாண்ட் (காது கேட்காதவர்களுக்கு உள்காதில் வைக்கும் கருவி) வைத்த குழந்தைகளுக்கு மெஷினை டியூன் செய்து கொடுப்பது, அதாவது மேப்பிங், என் வேலை. 17 வருஷமாகச் செய்கிறேன். மூளை அறுவை சிகிச்சை என் துறை கிடையாது. ஆனால் உடம்புக்குள் எலெக்ட்ரோடு என்ற மின்முனையை வைத்து நரம்போடு பேசுவது எப்படி, பத்து வருஷம் கழித்து அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்பதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். மூளைச் சிப் ஆராய்ச்சிகளையும் விடாமல் படித்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். கையை அசைக்கும் கட்டளை, உச்சந்தலையிலிருந்து காதுப்பக்கமாக இறங்கும் ஒரு பட்டைப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. உங்கள் தம்பிக்கு அடிபட்டது கழுத்துக்குள் இருக்கும் தண்டுவடத்தில். மூளையிலிருக்கும் அந்தப் பட்டைக்கு எதுவும் ஆகவில்லை. "கையைத் தூக்கு" என்று அவர் நினைக்கும்போது இன்றைக்கும் அங்கிருந்து கட்டளை கிளம்புகிறது, கழுத்தோடு நின்றுவிடுகிறது. சிப் செய்யும் வேலை, கிளம்பும் இடத்திலேயே அந்தக் கட்டளையை ஒட்டுக்கேட்டு, கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைப்பது.

எவ்வளவு ஒட்டுக்கேட்க முடியும்? மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. தம்பி வீடியோவில் பார்த்த சிப்பைச் செய்த நியூராலிங்க் நிறுவனத்தின் கருவியில் இருப்பது 1,024 எலெக்ட்ரோடுகள். சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையின் ஒரு ஓரத்தில் ஆயிரம் மைக்கை இறக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் இரைச்சல் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதை வைத்தே அழகர் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். கூட்டத்தில் நிற்கும் ஒரு பாட்டி மனசுக்குள் என்ன வேண்டிக்கொள்கிறார் என்பது எந்த மைக்கிலும் விழாது. இன்றைய மூளைச் சிப்பின் திறமை அந்த அளவில்தான் இருக்கிறது: கை வலப்பக்கம் போக நினைக்கிறதா, இடப்பக்கமா, அழுத்த நினைக்கிறதா என்பது வரைக்கும்.

அதுகூட வைத்த உடனே வராது. திரையில் ஒரு புள்ளி நகரும். அதைக் கையால் பின்தொடர்வதாக முயற்சி செய்யச் சொல்வார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் எந்த செல்கள் எப்படித் துடிக்கின்றன என்று மென்பொருள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். சில நாள் கழித்துச் சிக்னல் கொஞ்சம் மாறியிருக்கும்; திரும்பவும் சரிசெய்ய வேண்டும். நான் குழந்தைகளுக்குச் செய்யும் மேப்பிங்கும் இதே போலத்தான், ஒரு முறையோடு முடிகிற வேலை கிடையாது.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1998-லேயே அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஃபிலிப் கென்னடி என்ற டாக்டர், பக்கவாதத்தால் உடல் முழுக்க முடங்கிய ஒருவரின் மூளையில் எலெக்ட்ரோடு வைத்து, கர்சரை நகர்த்த வைத்தார். 2004-ல் பிரெயின்கேட் என்ற திட்டத்தில், கத்திக்குத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த மேத்யூ நேகிள் என்ற இளைஞருக்கு 96 எலெக்ட்ரோடு கொண்ட சின்னச் சதுரச் சிப்பை வைத்தார்கள். மிளகு அளவுதான் இருக்கும், நான்கு மில்லிமீட்டர். ஊசிப் படுக்கை மாதிரி இருக்கும் அதற்கு யூட்டா அர்ரே என்று பெயர். 2011-ல் அதே திட்டத்தில் கேத்தி ஹட்சின்சன் என்ற பெண்மணி, பக்கவாதம் வந்து ஏறக்குறைய 15 வருஷம் கழித்து, ரோபோ கையை எண்ணத்தாலேயே நகர்த்தி, காபி பாட்டிலை எடுத்துத் தானே உறிஞ்சிக் குடித்தார். குடித்து முடித்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு வீடியோவில் இருக்கிறது. தம்பியோடு உட்கார்ந்து அதையும் பாருங்கள்.

என்னை மிகவும் அசைத்தது பேச்சு சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிகள்தான். தொழில் அப்படி. கேசி ஹாரல் என்பவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவர். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயால் கைகால் போய், பேச்சும் குழறி, பழகியவர்களுக்கே புரியாத அளவுக்குப் போய்விட்டது. 2023 ஜூலையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவர்கள் அவர் மூளையில், பேச்சைக் கட்டுப்படுத்தும் இடத்தில், 256 எலெக்ட்ரோடுகளை வைத்தார்கள். முதல் நாள் 50 வார்த்தைகளோடு ஆரம்பித்தார்கள். அவர் சொல்ல முயன்ற வார்த்தைகள் திரையில் சரியாக வரவர அவர் அழுதார், கூட இருந்தவர்களும் அழுதார்கள். பிறகு 1,25,000 வார்த்தைகள் வரை விரித்தார்கள்; அப்போதும் 100 வார்த்தைக்கு 97 சரியாக வந்தன. அந்த வார்த்தைகளைக் கம்ப்யூட்டர் வாசித்தது அவருடைய சொந்தக் குரலில். நோய்க்கு முந்தைய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அந்தக் குரலை உருவாக்கினார்கள். வீட்டில் சின்ன மகள் இருக்கும் ஒரு அப்பாவுக்கு இதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். காது கேட்காத குழந்தை முதல் தடவை சத்தம் கேட்கும்போது வாயிலிருக்கும் பிஸ்கட்டை மெல்லாமல் அப்படியே நிறுத்திவிடும். கண் மட்டும் சத்தம் வந்த திசையைத் தேடும். அதை நூறு தடவைக்கு மேல் பார்த்தவள் நான். இன்றைக்கும் எனக்குப் பழகவில்லை. ஆகவே, இதெல்லாம் வெறும் விளம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைப்பது நிஜமாகவே கிடைக்கிறது.

சரி, அம்மாவின் பயத்துக்குத் திரும்புகிறேன். அது அர்த்தமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2025-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. வாயை அசைக்க முயலாமல் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் வார்த்தைகளையும் ஓரளவுக்கு எடுக்க முடிகிறது என்று அதில் காட்டினார்கள். திரையில் இருக்கும் உருவங்களை எண்ணச் சொன்னபோது, மனசுக்குள் எண்ணிய எண்களின் சாயலும் சிக்னலில் தெரிந்தது. அந்த ஆய்வாளர்களே இதன் விபரீதத்தை உணர்ந்து, ஒரு ரகசியச் சொல்லை மனசுக்குள் சொன்னால்தான் கருவி கேட்க ஆரம்பிக்கும் என்பதுபோல ஒரு பூட்டையும் செய்து பார்த்தார்கள், அது நன்றாகவே வேலை செய்தது. ஆக, மனசுக்குள் ஓடுகிற நினைவு, ஆசை, கோபம் எல்லாவற்றையும் வாசிக்கும் கருவி இன்று கிடையாது. வார்த்தையாக உருவெடுத்த எண்ணத்தின் விளிம்பைத் தொட ஆரம்பித்திருக்கிறார்கள். பூட்டு இப்போதே வேண்டும் என்று அம்மா சொன்னால், அவர் பக்கம்தான் நியாயம்.

சட்டமும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. சிலி நாடு 2021-ல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் பாதுகாக்க அரசியல் சாசனத்தையே திருத்தியது. 2023-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தலையில் மாட்டும் ஒரு கருவியை விற்ற நிறுவனம் எடுத்து வைத்திருந்த மூளைத் தகவலை அழிக்கச் சொன்னது. அமெரிக்காவில் கொலராடோவும் கலிஃபோர்னியாவும் 2024-ல் நரம்புத் தகவலைத் தனியாகக் காக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கூடுதல் பாதுகாப்பு வேண்டிய அந்தரங்கத் தகவல் என்று தனி வகையே கிடையாது. மூளைச் சிக்னலும் மளிகைக் கடை பில்லும் அதற்கு ஒரே தட்டில்தான். இது மாறியே ஆக வேண்டும்.

இனி நீங்கள் பார்த்த வீடியோவுக்கு வருகிறேன். அந்த இளைஞர் நோலண்ட் ஆர்பா. 2016-ல் ஏரியில் நீந்தும்போது அடிபட்டு, உங்கள் தம்பியைப் போலவே கழுத்துத் தண்டுவடம் சேதமானவர். 2024 ஜனவரியில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் அவருக்கு நியூராலிங்க் சிப்பை வைத்தார்கள். மண்டையோட்டில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கருவியை உட்கார வைக்கிறார்கள். அதிலிருந்து 64 இழைகள் மூளைக்குள் போகின்றன. தலைமுடியைவிட மெல்லிசு என்பதால் மனிதக் கையால் சொருக முடியாது. ஒரு ரோபோதான் தையல் மெஷின் மாதிரி ஒவ்வொன்றாக இறக்குகிறது. வெளியே ஒயர் எதுவும் தெரியாது. பேட்டரியைத் தலைக்கு மேலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம். செஸ் ஆடினார், விடிய விடிய வீடியோ கேம் ஆடினார்.

வீடியோவில் வராத பாதி இது. சில வாரங்களிலேயே அந்த இழைகளில் சுமார் 85 சதவீதம் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. எதிர்பார்த்ததைவிட மூளை உள்ளே அதிகமாக அசைந்ததுதான் காரணம் என்றார்கள். கர்சர் அவர் சொல்படி கேட்காமல் போனது. கிடைத்ததெல்லாம் கைவிட்டுப் போகிறதே என்று ஆர்பா அழுதிருக்கிறார். பிறகு, மிச்சமிருந்த எலெக்ட்ரோடுகளை வைத்தே மென்பொருளை மாற்றி எழுதினார்கள். பழைய வேகம் திரும்பி, அதைத் தாண்டியும் போனது. அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு அறுவை சிகிச்சை முறையையே மாற்றிக்கொண்டார்கள். முதல் ஆளாகப் போகிறவர் தன் உடம்பைக் கொடுத்துத்தான் இந்தப் பாடம் கிடைத்தது. ஆர்பாவுக்கு அது தெரிந்தே இருந்தது. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

உடல் ரீதியான ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை எந்த மூளை அறுவை சிகிச்சைக்கும் உள்ளவைதான்: ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, வலிப்பு. இவற்றோடு, மூளை தனக்குள் வந்த அந்நியப் பொருளைச் சுற்றி வடு கட்டும். வருஷம் போகப்போக அந்த வடு சிக்னலை மங்க வைக்கும். ஒஹாயோவில் இயன் பர்க்ஹார்ட் என்பவர், இவரும் கடலில் குதித்துக் கழுத்து முறிந்தவர்தான், 2014-ல் சிப் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கையாலேயே பாட்டிலைப் பிடித்து ஊற்றும் அளவுக்கு வந்தார். 2021-ல் தொற்று வந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த பிறகு கை பழையபடி அசையாமல் போனது. எப்படியும் ஒரு நாள் போய்விடும் என்று தெரிந்தே சேர்ந்தவர்தான். தெரிந்திருப்பது வேறு, இழப்பது வேறு.

மூளையிலிருந்து கேட்பது மட்டுமில்லாமல் மூளைக்குள் மின்சாரம் அனுப்பும் கருவிகளும் இருக்கின்றன. அங்கே இன்னொரு கேள்வி வருகிறது. பார்கின்சன் நடுக்கத்துக்கு மூளையின் ஆழத்தில் வைக்கும் டிபிஎஸ் என்ற மின்தூண்டல் கருவி இந்த வகை. பிரான்ஸின் கிரெனோபிளில் 1987-ல் பெனாபித் என்ற டாக்டர் தொடங்கி வைத்தது. இன்று உலகம் முழுக்க ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நம் ஊரிலும் செய்கிறார்கள். ஸ்பூனைப் பிடிக்க முடியாத கை, சுவிட்சைப் போட்ட சில நொடியில் அமைதியாவதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் சிலருக்கு அதே மின்சாரம் குணத்தைத் தொடுகிறது. நெதர்லாந்தில் 62 வயது நோயாளி ஒருவரைப் பற்றி 2004-ல் எழுதினார்கள். கருவி ஓடினால் நடக்க முடிகிறது, ஆனால் பித்துப் பிடித்ததுபோல் செலவு, கடன், கட்டுக்கடங்காத உற்சாகம். நிறுத்தினால் புத்தி தெளிவு, ஆனால் படுத்த படுக்கை. கடைசியில், கருவியை நிறுத்திய தெளிவான நிலையில் அவரிடமே கேட்டார்கள். கருவி ஓடட்டும், மனநல மருத்துவமனையிலேயே இருந்துகொள்கிறேன் என்று முடிவு செய்தார். அந்த முடிவை யார் எடுத்தது, எந்த அவர்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. தம்பி பார்த்தது கேட்கும் வகைச் சிப் என்பதால் இந்த ஆபத்து அங்கே மிகக் குறைவு. ஆனால் தொடு உணர்வைத் திருப்பித் தரும் அடுத்த தலைமுறைக் கருவிகள் மின்சாரம் அனுப்பத்தான் போகின்றன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2016-லேயே ரோபோ விரலைத் தொட்டால் தன் விரலைத் தொட்டதுபோல ஒருவரை உணர வைத்துவிட்டார்கள்.

யாராவது உள்ளே புகுந்து ஆட்டிவைக்க முடியுமா என்றும் கேட்பார்கள். 1963-லேயே ஹோசே டெல்காடோ என்ற விஞ்ஞானி ஸ்பெயினில் பாய்ந்து வந்த காளையை ரேடியோ பட்டனை அழுத்தி நிறுத்திக் காட்டினார். இந்தப் பயத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. காளையை நிறுத்தலாம்; ஒரு மனிதனை ஓட்டுப்போட வைக்கவோ கையெழுத்துப் போட வைக்கவோ எந்தப் பட்டனும் கிடையாது. ஆனால் ஒயர்லெஸ் கருவி எதிலும் ஓட்டை இருக்கலாம். 2017-ல் அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு, வெளியாள் புகுந்துவிடலாம் என்ற காரணத்தால், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இதயத்துக்கு நடந்தது மூளைக்கும் நடக்கலாம்.

இத்தனைக்கும் மேலே எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது வேறொன்று. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மண்டைக்குள் ஒரு கருவி போனால், அதைச் செய்த கம்பெனியும் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தம்பி உயிரோடு இருக்கும் வரை அந்தக் கம்பெனி உயிரோடு இருக்க வேண்டும்.

பார்வையிழந்தவர்களுக்கு விழித்திரையில் சிப் வைத்த செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் இருந்தது. ஆர்கஸ் 2 என்று பெயர், 60 எலெக்ட்ரோடு, 2013-ல் அமெரிக்க அரசு அனுமதி. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். வாசல்படி, தெருவிளக்கு, எதிரில் நிற்கும் ஆளின் நிழல் வரைக்கும் தெரிந்தது. இருட்டிலேயே இருந்தவர்களுக்கு அது கொஞ்சமில்லை. 2019-ல் அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். 2020-ல் பணம் தீர்ந்து ஊழியர்களில் பெரும்பாலானோரை அனுப்பிவிட்டார்கள். கண்ணாடியோ, இடுப்பில் மாட்டும் பெட்டியோ பழுதானால் சரிசெய்ய ஆளில்லை. உள்ளே இருப்பதை எடுக்கவும் இன்னொரு ஆபரேஷன் வேண்டும். கண்ணுக்குள் செத்த கருவியோடு மனிதர்கள் வாழ்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட மனசைப் பிசைவது. வலிப்பு வருவதற்கு முன்கூட்டியே எச்சரிக்கும் நியூரோவிஸ்டா என்ற நிறுவனத்தின் கருவியை, 2010 வாக்கில் 15 பேருக்குச் சோதனையாக வைத்தார்கள். அதில் ஒரு பெண்மணிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கருவி வந்த பிறகுதான் தனியாகக் கடைக்குப் போனார், மனிதர்களோடு தைரியமாகப் பழகினார். கம்பெனியிடம் பணம் தீர்ந்தது. எல்லோருடைய கருவியையும் எடுக்கச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் கெஞ்சிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. கடைசி ஆளாக அவருடையதையும் எடுத்துவிட்டார்கள். தன்னில் ஒரு பகுதியையே பிடுங்கியதுபோல அவர் வருஷக்கணக்கில் துக்கப்பட்டார்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியாவை விடுங்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் உலகில் 10 லட்சம் பேருக்கு மேல் வைக்கப்பட்ட, மிகவும் வெற்றி பெற்ற நரம்புக் கருவி. காதுக்குள் ஒலியை உணரும் சுமார் 3,500 உள்மயிரணுக்கள் செய்யும் வேலையை 22 எலெக்ட்ரோடுகள் ஈடுகட்டுகின்றன, மிச்சத்தைக் குழந்தையின் மூளையே கற்றுக்கொள்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் நம் மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டி, அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தத் திட்டத்தில் மூன்று வயதில் ஆபரேஷன் முடிந்து என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தை. அப்பா மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ராத்திரி படுக்கும்போது மெஷினைக் கழற்றி, வியர்வை ஈரம் போக டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது அம்மாவின் வேலை, ஒரு நாளும் தவறாது. எட்டு வருஷம் அழகாகப் பேசிப் படித்தாள். பதினோரு வயதில் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் செத்துப்போனது. அந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் கிடையாது, புதுசுதான் வாங்க வேண்டும் என்றார்கள். விலை லட்சங்களில். ஏற்பாடு செய்ய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அவள் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திரும்ப என்னிடம் வந்தபோது 'ச'வும் 'ஸ'வும் நாக்கிலிருந்து வழுக்கிப் போயிருந்தன. "மிஸ், என் காதை ஆஃப் பண்ணிட்டாங்க" என்று சொன்னாள். காதுக்குள் இருந்த இம்ப்ளாண்ட் நன்றாகவே இருந்தது. வெளியே இருந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குத்தான் கம்பெனி வயது நிர்ணயித்துவிட்டது.

அதனால் என்றைக்காவது இப்படி ஒரு சோதனையில் தம்பிக்கு இடம் கிடைத்தால், அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: சோதனை முடிந்த பிறகு கருவி யாருக்குச் சொந்தம்? கம்பெனி மூடினால் யார் பார்த்துக்கொள்வார்கள்? எடுக்க வேண்டி வந்தால் செலவு யாருடையது? பின்னால் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா? சிக்னல் தகவல் எந்த நாட்டில், யாரிடம் இருக்கும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவர்களிடம் தலையைக் கொடுக்க வேண்டாம். பேட்டரி வடிவத்துக்கும் சார்ஜருக்கும் பொதுத் தரம் இருப்பதுபோல இந்தக் கருவிகளுக்கும் கட்டாயம் வர வேண்டும், ஒரு கம்பெனி போனாலும் இன்னொன்று பராமரிக்கும்படி. அரசுகள் அனுமதி கொடுக்கும்போதே, நோயாளியின் ஆயுள் வரைக்குமான பராமரிப்புக்குக் கம்பெனியிடம் பணம் கட்டி வாங்கி வைக்க வேண்டும். இது பெரிய ஆசை கிடையாது.

ஆரோக்கியமாக இருப்பவர்கள் அறிவை வளர்க்கச் சிப் வைத்துக்கொள்வது பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு எட்டிய பேச்சு வேகம் நிமிடத்துக்கு 62 வார்த்தை. நாமெல்லாம் சாதாரணமாகப் பேசுவதே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நன்றாக இருக்கும் மண்டையைத் துளைக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இருக்கிற மருத்துவர்கள், பணம், கவனம் எல்லாம் உங்கள் தம்பி போன்றவர்களுக்குப் போகட்டும்.

நம் ஊருக்கு எப்போது? இப்போதைக்கு இந்தச் சோதனைகள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சீனா போன்ற நாடுகளில் நடக்கின்றன. நம் ஊரில் கடையில் வாங்குகிற பொருளாக இது வரவில்லை. ஆகவே யாராவது உங்களிடம் பணம் கேட்டு "மூளைச் சிப் வைத்துத் தருகிறோம்" என்றால் அது மோசடி. முறையான சோதனையில் சேர நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. தண்டுவடத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கறப்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் அதைச் சிகிச்சையாக ஏற்கவில்லை. நிலத்தை விற்றுவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

தம்பி காத்திருக்கட்டும், ஆனால் படுத்தபடி காத்திருக்க வேண்டாம். எந்தச் சோதனையிலும் சேர உடம்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும். படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, மடங்கி இறுகிப்போன மூட்டு, இவைதான் ஆளைத் தள்ளிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். இன்னொன்றை மறக்கவே வேண்டாம்: திடீரென்று தலை வெடிப்பதுபோல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு பிபி உயிர் போகும் அளவுக்கு ஏறும் நேரம் அது. சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கி வைத்த இடம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை 1981-ல் ஆரம்பித்த ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தம்பி அங்கே தன்னைப் போன்றவர்களைப் பார்க்க வேண்டும். வீடியோவில் பார்ப்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது வேறு.

போனையும் இன்றைக்கே அவர் கைக்கு, இல்லை, வாய்க்கு எட்ட வையுங்கள். ஆர்பாவே சிப்புக்கு முன்னால் வாயில் கவ்விய குச்சியால்தான் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆண்ட்ராய்டில் குரலால் இயக்கும் வசதி இலவசம். தமிழில் பேசியே எழுதலாம். சாதாரண வெப்கேம் வைத்துத் தலையசைவால் மவுஸை நகர்த்தும் மென்பொருள்களும் இருக்கின்றன. இவற்றில் கிடைத்த பழக்கம், நாளைக்குச் சிப் வந்தாலும் வீணாகாது.

அப்புறம், தம்பியிடம் ஒன்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். 2004-ல் அமெரிக்காவில் தண்டுவடம் பாதித்த 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை அதிகம் மாறும் என்று கேட்டார்கள். நான்கு கைகால்களும் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நடையைக் கேட்கவில்லை. கையைக் கேட்டார்கள். உங்கள் தம்பி எதைக் கேட்கிறார்? தானே சாப்பிடுவதையா, போன் பேசுவதையா, வேலைக்குப் போவதையா? அதைத் தெரிந்துகொண்டால், சிப் இல்லாமலே இப்போது எவ்வளவு தூரம் போகலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.